நேர்கோடு எங்கே வளைகிறது?

பள்ளியிறுதி வகுப்பில் அறிவியல் பயின்றோர் அனைவரும் ஓமின் விதியை அறிவர். ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விதியின்படி, ஒரு கம்பியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால், அதில் ஓடும் மின்னோட்டமும் இருமடங்காகும். அளவுகளை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு ஒன்று கிடைக்கும். அக்கோட்டை வரைந்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்று, ஏட்டை மூடி வைத்துவிட்டுத் தேர்வுக்குச் செல்கிறோம். அந்தக் கோடு எதுவரை நேராகச் செல்லும் என்று நம்மை யாரும் கேட்பதில்லை; நாமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பதை வானொலித்துறை நமக்குக் கற்பிக்கிறது. தடை, மின்தேக்கி, கம்பிச்சுருள், கேபிள், இணைப்பி, வடிகட்டி, வான்கம்பி ஆகியவற்றைச் செயலற்ற உறுப்புகள் என்பர். டிரான்சிஸ்டரைப் போல் இவை சிற்றலையைப் பேரலையாகப் பெருக்குவதில்லை. பெற்றதைப் பெற்றவாறே கடத்துவது, அல்லது சற்றுக் குறைத்துக் கடத்துவது, இவ்வளவே இவற்றின் பணி. செயலற்றவர் தீங்கும் செய்யார் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, ஆற்றலைத் தாங்கும் எல்லை. அதைக் கடந்தால் உறுப்பு எரிந்துபோகும். மற்றொன்று, நேரியல்பின் எல்லை. அதைக் கடந்தால் உறுப்பு எரியாது, ஆனால் தன்னிடம் கொடுக்கப்படாத அலைகளைத் தானே பிறப்பிக்கத் தொடங்கும். முதலாவது நம் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும். இரண்டாவது எட்டாது, ஆகவே அதுவே பெரிய தொல்லை. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

முதல் எல்லை: சூடும் தீப்பொறியும்

மின்னோட்டம் ஓடினால் சூடு உண்டாகும் என்பது நாம் அறிந்ததே. வானொலி அலைகளிடம் இதற்கு மேலும் ஒரு விந்தை உண்டு. அதிர்வெண் உயர உயர, மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு விலகி மேல்தோலில் மட்டுமே ஓடுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் செம்பில் அத்தோலின் ஆழம் 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நடுஅலை வானொலியின் 1 மெகாஹெர்ட்ஸில் அது 0.07 மில்லிமீட்டருக்கும் குறைவு. கைப்பேசிக்குரிய 900 மெகாஹெர்ட்ஸிலோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். அதாவது தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. விரல் பருமனுள்ள செம்புக் குழாயை வாங்கி வைத்தாலும், அவ்வளவு மின்னோட்டத்தையும் சுமப்பது அதன் மெல்லிய மேற்பூச்சே. கம்பி தடிமனாக இருக்கிறதே என்று நாம் மகிழ்வதில் பயனில்லை. வெள்ளி முலாம் பூசுவது அழகுக்காக அன்று; ஓட்டம் நிகழும் இடம் அதுவாகையால்தான். அதிர்வெண் கூடக் கூட ஒரே கேபிள் தாங்கும் ஆற்றல் குறைவதற்கும் முதன்மையான காரணம் இதுவே. சூடு மிகுந்தால் கேபிளின் உள்ளேயுள்ள பாலித்தீன் இளகும், நடுக்கம்பி நடுவை விட்டு நகரும், பின்னர் அழிவுதான்.

சூடு மெல்லக் கொல்லும். மின்னழுத்தமோ கணத்தில் கொல்லும். தூத்துக்குடி வானொலி நிலையத்தில் 200 கிலோவாட் ஆற்றலுள்ள நடுஅலை ஒலிபரப்பி நிறுவப்பட்டதைத் தென்மாவட்ட நண்பர்கள் அறிவர். அத்தகைய ஆற்றலை 50 ஓம் கேபிள் ஒன்றில் செலுத்துவதாகக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆற்றலைத் தடையால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 3,162 வோல்ட். அலையின் உச்சியில் இது 4,472 வோல்ட். நாதஸ்வரமோ நாடக வசனமோ அலையின் மீது முழு வீச்சில் ஏறும்போது உச்சம் இருமடங்காகி ஏறத்தாழ 8,900 வோல்ட் ஆகும். வான்கம்பியில் ஏதோ ஒரு பழுது நேர்ந்து, அனுப்பிய ஆற்றல் முழுதும் திரும்பி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். செல்லும் அலையும் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும்போது மீண்டும் இருமடங்கு. ஏறத்தாழ 18,000 வோல்ட்! வறண்ட காற்று ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் அளவே தாங்கும். எனவே ஆறு மில்லிமீட்டர் இடைவெளியும் அவ்வேளையில் போதாது. கூரிய முனையோ ஈரமோ தூசியோ இருந்தால் இன்னும் முன்னதாகவே தீப்பொறி பாயும். ஆகவே, சராசரி ஆற்றலை மட்டும் பார்த்து உறுப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவார். உச்சத்தையும், கெட்ட வேளையில் வரும் உச்சத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

இடமும் ஒரு காரணம். கொடைக்கானல் போன்ற மலையுச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் தாங்கும் திறனும் அதற்கேற்பக் குறையும். சென்னையில் பழுதின்றி இயங்கும் இணைப்பி மலைமேல் பொறி கக்கலாம். காற்று போதாதென்று கருதும் இடத்தில் காக்காப்பொன் என்று நாம் அழைக்கும் அபிரகத் தகடு உதவிக்கு வருகிறது. அது ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்டையும் தாங்க வல்லது. கோடர்மாவிலும் நெல்லூரிலும் வெட்டியெடுத்த அபிரகத்தை உலகின் பல நாடுகளும் வானொலி மின்தேக்கிகளுக்காக விரும்பி வாங்கியதன் காரணம் இதுவே.

காற்றே இல்லாத வெட்ட வெளியில் பொறி பாயாதே என்று சிலர் கேட்கலாம். அங்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. செயற்கைக்கோளின் அலைக்குழாயில் தப்பிய எலக்ட்ரான் ஒன்று ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவரில் போய் மோதும். மோதிய இடத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் கிளம்பும். அதற்குள் அலையும் திசைமாறி, அவற்றை முதற்சுவருக்கே திருப்பித் துரத்தும். சுவர்களுக்கிடையேயுள்ள தொலைவும் அலையின் காலமும் பொருந்திவிட்டால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். ஆகையால் இத்தகைய உறுப்புகளை ஏவுவதற்கு முன் தரையிலேயே வெற்றிடக் கலத்துள் வைத்துச் சோதிக்கிறார்கள்.

இரண்டாம் எல்லை: ஓசையின்றி வளைதல்

இனி நம் நேர்கோட்டுக்கு வருவோம். ஓர் உறுப்பில் 875, 885 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைகள் நுழைகின்றன எனக் கொள்வோம். கோடு நேராக இருந்தால் வெளிவருவனவும் அவ்விரண்டே. கோடு இம்மியளவு வளைந்திருப்பின், மின்னோட்டம் மின்னழுத்தத்தை மட்டுமன்றி அதன் முப்படியையும் சிறிது சார்ந்திருக்கும். இரண்டு அலைகளின் கூட்டுத்தொகையை முப்படியாக்கி, நாம் கற்ற முக்கோணவியலைக் கொண்டு விரித்துப் பாருங்கள். ஓர் அதிர்வெண்ணின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த அதிர்வெண்கள் அங்கே தோன்றும். 885-இன் இருமடங்கு 1,770. அதில் 875-ஐக் கழித்தால் 895. அவ்வாறே மறுபுறம் 865. நாம் அனுப்பாத இரண்டு அலைகள், வெறும் உலோகத் துண்டினுள் பிறந்துவிட்டன! இவற்றை மூன்றாம் படிக் கலப்பலைகள் என்று கூறலாம். இரண்டு இசைக்கருவிகள் உரத்து முழங்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது சுரம் ஒன்று செவியில் ஒலிப்பதை இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். நம் செவியும் நேர்கோட்டில் இயங்குவதன்று என்பதே அதன் பொருள்.

895 பிறந்தால் யாருக்கு என்ன நட்டம்? இந்தியாவில் 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை கோபுரம் கைப்பேசியிடம் பேசுவதற்கு உரியது. அதனை அடுத்து 890 முதல் 915 வரையுள்ள பட்டை, வேறொரு தொகுதியில், கைப்பேசி கோபுரத்திடம் பேசுவதற்கு உரியது. ஆகவே ஒரே கோபுரத்தில் இரு தொகுதிகளும் இருப்பின், ஒன்று உரக்கப் பேசுவதால் பிறக்கும் கலப்பலை மற்றதன் காதுக்குள்ளேயே விழுகிறது. ஒரே தொகுதிக்குள்ளும் இது நிகழும். 935 முதல் 960 வரை கோபுரம் பேசும் பட்டையில் 936, 958 என்னும் இரு அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கின்படி 914 பிறக்கும். அதுவும் 890–915 பட்டைக்குள் அடங்கியதே. கேட்க வேண்டிய அலையும் கேட்கக் கூடாத அலையும் ஒரே அதிர்வெண்ணில் வந்து நின்றால் எந்த வடிகட்டியாலும் பிரிக்க இயலாது. நோய் பிறந்த இடத்திலேயே அதைத் தீர்க்க வேண்டும்.

கௌதள்ளியில் ஒரு புதிர்

இதனை வெறும் ஏட்டுக் கணக்கென்று நண்பர்கள் கருதலாகாது. கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வர மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூருக்கு அப்பால் இருப்பது கௌதள்ளி. முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்ற பகுதி. பிழைப்பு நாடிச் சென்ற என் பெற்றோர் அங்கே குடியமர்ந்தனர். குன்றும் காடும் சூழ்ந்த நிலப்பரப்பாகையால் கோபுரங்கள் நகரத்தைப் போல் தெருவுக்குத் தெரு இல்லை. விடுமுறையில் அங்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வந்தேன். கைப்பேசியின் திரையில் அலைவலிமை காட்டும் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நிற்கும். மறுமுனையில் பேசுபவரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கும். நம் குரல் மட்டும் அவருக்குத் துண்டு துண்டாகப் போகும். “கோடெல்லாம் இருக்கு, பேச்சு மட்டும் போக மாட்டேங்குதே” என்று என் தாயார் வியப்பார். ஊரில் பலரும் கைப்பேசியையே குறை கூறுவர்.

இக்குறிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அக்கோபுரத்தில் எது காரணமென்று நான் அளந்து பார்த்தவன் அல்லன். ஆயினும் செயலற்ற உறுப்பின் வளைவு இதே குறியைத்தான் காட்டும். திரையிலுள்ள கோடுகள் கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நம் குரல் கோபுரத்துக்கு எவ்வாறு கேட்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. கோபுரம் ஓர் அலைக்கு 20 வாட் அளவில் பேசுகிறது. காட்டோரத்தில் நிற்பவரின் கைப்பேசியிலிருந்து புறப்படும் அலையோ, கோபுரத்தை அடையும்போது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடியால் வகுத்த அளவே இருக்கும். அத்தகைய மெல்லிய குரலை மூழ்கடிக்கப் பெரிய அலை எதுவும் வேண்டுவதில்லை. தளர்ந்த இணைப்பி ஒன்றில் பிறக்கும் இம்மியளவுக் கலப்பலையே போதும். நகரத்தில் அடுத்த கோபுரம் கைகொடுக்கும். மலையடிவாரத்து ஊரில் ஆம்புலன்சை அழைக்கும் குரலும் அந்த ஒரே கோபுரத்தைத்தான் நம்பியிருக்கிறது.

வளைவு பிறக்கும் இடங்கள்

செம்பும் அலுமினியமும் தம்மளவில் நேரானவை. இரண்டு உலோகங்கள் தொடும் இடமே வளைவின் பிறப்பிடம். அலுமினியத்தின் மேல் எப்போதும் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் படிந்திருக்கும். இணைப்பு நன்கு இறுகியிருந்தால் படலம் உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடும். தளர்ந்திருந்தால் இடையே படலம் நிற்கும். எலக்ட்ரான்கள் அதனைத் துளைத்துச் செல்லும்போது மின்னோட்டம் நேர்கோட்டில் செல்வதில்லை. துருவும் அத்தகையதே. கோபுரத்தின் உள்ளே எல்லாம் செவ்வையாக இருப்பினும், எதிரேயுள்ள துருப்பிடித்த மரையாணியோ தகரக் கூரையோ வேலிக்கம்பியோ அலையை வாங்கி, வளைத்துத் திருப்பி அனுப்பக்கூடும். கடற்கரை ஊர்களில் இத்தொல்லை மிகுதி.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. நாம் இன்று பகையாகக் கருதும் இதே வளைந்த தொடர்பை நண்பனாக்கிக் கொண்டவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். ஈயமும் கந்தகமும் கலந்த கலீனா என்னும் தாதுப்பொருளின் மீது உலோக முனை தொடும் இடத்தைக் கொண்டு, அவர் வானொலி அலைகளைக் கண்டறியும் கருவி செய்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பிற்காலத்தில் படிக வானொலிப் பெட்டிகளில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லாரும் இத்தகைய வளைவின் பயனையே நுகர்ந்தனர். வளைவே இல்லையேல் அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்க முடியாது. வளைவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கருவி. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் நோய்.

தொடும் இடம் மட்டுமன்றி, சில பொருள்களின் இயல்பே வளைவுதான். இரும்பு, நிக்கல், ஃபெரைட்டு ஆகியன காந்தப்புலம் மிகும்போது நிறைவெய்தி, அதன்மேல் ஏற மறுக்கும். ஆகவே நல்ல இணைப்பிகளில் நிக்கல் முலாமைத் தவிர்ப்பர். பேரியம் டைட்டனேட்டால் ஆன பீங்கான் மின்தேக்கியும் இவ்வினமே. ஆய்வுக்கூடத்தில் அத்தகைய ஒன்றை எடுத்து, அதன்மேல் நேர்மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி அளந்து பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட மின்னழுத்தத்தை எட்டுமுன்பே அதன் மதிப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அது சூடேறவுமில்லை, பழுதாகவுமில்லை. மின்னழுத்தத்தை நீக்கியதும் பழைய நிலைக்கு மீண்டது. வெப்பத்தால் மாறாத வேறு வகைப் பீங்கான் மின்தேக்கியோ இம்மியும் அசையவில்லை. முகப்பில் அச்சிட்டிருக்கும் எண் எல்லா வேளைக்கும் உரிய எண் அன்று என்பதைக் காட்ட இதைவிட எளிய சோதனை இல்லை. வாய்ப்புள்ளோர் செய்து பாருங்கள்.

வானமும் இதற்கு விலக்கன்று! 1933-இல் டச்சு அறிஞர் டெலிகன் ஸ்விட்சர்லாந்தின் பெரோமூன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கையில், அதன் பின்னணியில் லக்சம்பர்க் நிலையத்தின் ஒலியும் கேட்கக் கண்டார். வலிமை மிக்க லக்சம்பர்க் அலை வானத்தின் அயனி மண்டலத்தையே தன் ஒலிக்கேற்ப மாற்றிவிட, அவ்வழியே சென்ற மற்றோர் அலையின் மீதும் அவ்வொலி படிந்துவிட்டது. ஆற்றல் மிகுந்தால் வானமும் வளையும் என்பது இதனால் விளங்குகிறது.

அளவையும் மருந்தும்

கலப்பலையின் இயல்பு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். செல்லும் அலைகளின் ஆற்றலை இருமடங்காக்கினால் மூன்றாம் படிக் கலப்பலை கணக்கின்படி எட்டு மடங்காகும். நடைமுறையில் இதனின் சற்றுக் குறையும். “குரல் போகவில்லையா? கோபுரத்தின் ஆற்றலைக் கூட்டு” என்பவர் நோயைக் கூட்டுகிறார்.

செயற்கைக்கோள்களில் இதன் கடுமை முழுதும் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படைக்காக 1978 முதல் ஏவப்பட்ட ஃபிளீட்சாட்காம் கோள்களில் மூன்றாம் படிக் கலப்பலை தொல்லை கொடுத்தது; ஆகையால் அலை வாங்குவதற்கென்று தனி வான்கம்பியே அமைத்தார்கள். மாரிசாட்டில் 13-ஆம் படியும், ஐந்தாம் இன்டெல்சாட் வரிசையில் 27-ஆம் படியும், மாரெக்ஸில் 43-ஆம் படியும் தொல்லை தந்ததாகப் பொறியியல் ஏடுகள் கூறும். விண்ணில் ஏறிய பின் மரையை இறுக்க ஆள் அனுப்ப முடியாதல்லவா?

தரையில் இதனை அளக்க உலக மின்தொழில்நுட்ப ஆணையம் 62037 என்னும் எண்ணுள்ள தரமுறையை வகுத்துள்ளது. 20 வாட் அளவுள்ள இரண்டு அலைகளை உறுப்பினுள் செலுத்திப் பிறக்கும் கலப்பலையை அளப்பர். நல்ல உறுப்பிற்கு வழக்கமாகக் கேட்கப்படும் தரம் 153 டெசிபல் கீழே என்பது. இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். உள்ளே செல்லும் ஆற்றலில் 2,000 லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் வளைவு கூடாது! 200 கோடி கிலோமீட்டர் நீளமுள்ள நூலைப் பிடித்தால் அது சூரியனிலிருந்து புறப்பட்டுச் சனிக்கோளையும் தாண்டிச் செல்லும். அந்நூலில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவோ, அவ்வளவே அனுமதி. மின்னியலில் இத்துணைக் கடுமையான நேர்மையை வேறெந்த உறுப்பிடமும் எதிர்பார்ப்பது அரிது.

இவ்வளவு நுட்பமான நோய்க்கு மருந்து எளியது. இணைப்பியின் முகத்தைத் துடைத்து உலோகத் தூளை நீக்க வேண்டும். கேபிளைக் கூர்மையான கருவியால் பிசிறின்றி வெட்ட வேண்டும். கோபுரங்களில் பயன்படும் பெரிய இணைப்பிகளைக் கைப்பலத்தால் குத்துமதிப்பாக இறுக்காமல், அளவு காட்டும் திருகியால் 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்க வேண்டும். ஈரம் புகாமல் உறையிட வேண்டும். சோதிக்கும்போது சும்மா அளந்து விடாமல், இணைப்பியை மெல்லத் தட்டியும் கேபிளை அசைத்தும் அளக்க வேண்டும். ஏனெனில் அசையாதபோது ஒழுங்காக இருப்பது காற்றடிக்கும்போது பிறழக்கூடும். இவற்றைச் செய்பவர் வெயிலிலும் காற்றிலும் கோபுரத்தின் மீது ஏறும் தொழிலாளி. அவருடைய கையின் ஒழுக்கத்தில்தான் நம் கணக்குகள் மெய்யாவதும் பொய்யாவதும் இருக்கின்றன.

1935-இல் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் ஒரு சிறு ஒலிபரப்பியை வைத்து, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வழங்கியது இந்த மைசூரில்தான். அந்நகரில் அறிவியல் பயிலும் நாம், ஒரு மின்தேக்கியையோ இணைப்பியையோ கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இது எவ்வளவு தாங்கும்? எவ்வளவு வரை நேராக நடக்கும்? முதற்கேள்விக்கு விடை உறுப்பின் மேலேயே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு நாமே அளந்துதான் விடை காண வேண்டும். அடுத்த முறை ஓமின் விதிக்கு நேர்கோடு வரையும் தம்பியரும் தங்கையரும் ஏட்டை மூடுவதற்கு முன், கோட்டின் கடைசிப் புள்ளிக்கு அப்பாலும் சிறிது தொலைவு அளந்து பார்ப்பார்களாக.